கல்லிடம் சொல்லிக்கொண்டு போனவர்

உச்சிவெயில். அன்னவாசலுக்கும் சித்தன்னவாசலுக்கும் நடுவே ஒரு பொட்டல். பன்னிரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ரோட்டோரம் நிற்கும் வேனை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை அப்படி நடக்க வைத்தவள் நான். காலடியில் சரளை நெரிபடுவதைத் தவிர வேறு சத்தமில்லை. எனக்கு முன்னால் போன, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அம்மாவின் கையில் மயிர் சிலிர்த்து நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளுக்குள் ஏகப் பெருமை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். கட்டைக் குரல். நாலு வயல் தாண்டிக் கேட்கிற குரல்.

“அப்ப, நான் போயிட்டு வாரேன்!”

திரும்பினேன். நானே போட்ட சட்டத்தை நானே மீறித் திரும்பினேன். என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தோளில் தண்ணீர் கேன். பொட்டலின் நடுவில் நிற்கும் துளைக்கல்லை, வீட்டு மாட்டைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சாவகாசமாக வந்தார்.

பன்னிரண்டு பேரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கோயம்புத்தூர் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசி நான் கட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரே வார்த்தையில் போயிற்று.

அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் கோபம்தான். பயம் அப்புறம் வந்தது.

வேனும் நாங்களும்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. புதுக்கோட்டைச் சீமையைச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. வரலாறு படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டினேன். என் வாய் சும்மா இருக்காது. யாரிடமாவது சண்டை வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் நானே வெளியே வந்துவிட்டேன். அதே சமயத்தில் அவர் துபாயில் பதினோரு வருஷம் வண்டி ஓட்டியது போதுமென்று ஊருக்கு வந்து, ஒரு பதினாலு சீட்டு வேன் வாங்கினார். அவர் ஓட்டுவார், நான் பேசுவேன். வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்பார்.

அவர் பெயர் வெள்ளைச்சாமி. எழுதுவதற்கே கை கூசுகிறது. இருபத்தாறு வருஷத்தில் ஒருதரம்கூட அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கு நான் ‘கைடம்மா’. சண்டை வந்தால் ‘ஏ கைடு’.

அவரிடம் ஒரு பழக்கம். எங்கிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார். மனிதர்களிடம் எல்லாரும் சொல்வார்கள். இவர் டீக்கடை பெஞ்சிடம் சொல்வார். பெட்ரோல் பங்கில் படுத்திருக்கும் நாயிடம் சொல்வார். திருமயம் கோட்டை உச்சியில் இருக்கும் பீரங்கியிடம், “வாரேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு இறங்குவார். காலையில் வீட்டு வாசலில் நின்று, “போயிட்டு வாரேன்” என்பார். அடுப்படியிலிருந்து நான், “பாத்துப் போயிட்டு வாங்க” என்பேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கேட்டைத் திறப்பார். ஒருநாள் மிக்சி சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. திரும்ப உள்ளே வந்து, மிக்சியை அணைத்துவிட்டு, சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஒருநாள் சுற்று

காலையில் வெயில் ஏறுவதற்குள் நார்த்தாமலை. பாறை சுட்டால் அப்புறம் உள்ளங்கால் வெந்துவிடும். விஜயாலய சோழீச்சுவரத்துக்கு ஏறுகிற வழியில் ஒரு சுனை உண்டு. தண்ணீருக்கடியில் ஒரு குகை, குகைக்குள் ஒரு லிங்கம். தண்ணீரை இறைத்தால்தான் தெரியும். நான் ஒருதரமும் பார்த்ததில்லை. வருகிறவர்களைச் சுனையோரம் உட்கார வைத்துச் சொல்வேன். எட்டிப் பார்ப்பார்கள். அவரவர் முகம்தான் தெரியும். அடியில் சாமி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்ட பிறகு, தன் முகத்தையே கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அடுத்து சித்தன்னவாசல். எல்லாரும் தாமரைக்குளத்து ஓவியம் பார்க்க வருகிறார்கள். பார்க்கட்டும். ஆனால் நான் அவர்களைக் கருவறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பி, நடுவில் நின்று, வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று முனகச் சொல்வேன். சும்மா முனகினால் ஒன்றும் இருக்காது. குரலை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். ஒரு இடத்தில் கல் பிடித்துக்கொள்ளும். சுவர் முனகுகிறதா, நெஞ்சு முனகுகிறதா என்று தெரியாது. நீங்கள் நிறுத்திய பிறகும் ஒரு நொடி அது நிறுத்தாது.

என் வீட்டுக்காரர் ஒரேயொரு தடவை உள்ளே போய் முனகிப் பார்த்தார். வெளியே வந்து, “உள்ளுக்குள்ள ஆளு இருக்கு கைடம்மா, பதில் சொல்றாக” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு ஏனோ அந்தப் பதில் பிடிக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் ஏழடிப்பட்டம். பாறைக் குகைக்குள் வழுவழுப்பான கல்படுக்கைகள், தலைக்குக் கல்லிலேயே மேடு. துறவிகள் படுத்த இடம். சிலர் உண்ணாமல் கிடந்து அங்கேயே உயிர் விட்டார்களென்று சொல்வார்கள். அங்கே ஒரு ஆள் செல்ஃபிக்காக மல்லாந்து படுத்துவிட்டார். “எந்திரிங்க சார். அவுக எந்திரிக்கிறதுக்காகப் படுக்கல” என்றேன். வெடுக்கென்று எழுந்துவிட்டார். இந்த மாதிரிப் பேச்சில்தான் என் பிழைப்பு ஓடியது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும் கெடும்.

அதற்கப்புறம்தான் அந்தப் பொட்டல். சாப்பாடு அன்னவாசலில். சாயங்காலம் குடுமியான்மலை பார்த்துவிட்டு, வெள்ளாற்று மணலில் பொழுது சாய உட்கார்ந்துவிட்டு வீடு. வெள்ளாற்றில் தண்ணீர் பார்த்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மணல் பார்த்தால் எங்களை மாதிரி.

பேசாமல் போகும் சட்டம்

பொட்டலில் இருப்பது பழைய காலத்துப் புதைகுழிகள். வட்டமாகக் கல் நட்டிருப்பார்கள். வட்டத்துக்குள் பலகைக்கல்லால் பெட்டி மாதிரிக் கட்டி, உள்ளே தாழி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் குரங்குப் பட்டடை என்பார்கள். பாதி சரிந்துபோய், ஆவாரஞ்செடியும் கத்தாழையும் மண்டிக் கிடக்கும். ஒரேயொரு பலகை மட்டும் நெஞ்சுயரத்துக்கு நேராக நிற்கிறது. அதன் நடுவில் ஒரு வட்டத் துளை. கை நுழையும், தலை நுழையாது. உள்ளே இருக்கிறவர் வந்துபோக வழி என்று சொல்வார்கள். அந்தத் துளைக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால், சுடு வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். நிழல்காற்று, வேறொன்றுமில்லை என்றுதான் நானும் சொல்வேன்.

சட்டத்தை நான் போட்டது பயத்தில் இல்லை, எரிச்சலில். முன்பு ஒரு கூட்டம் வந்தது. மூடுகல்லின் மேல் ஏறி உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். துளைக்குள் சிப்ஸ் கவரைத் திணித்தார்கள். கிளம்பும்போது ஒரு ஆள் கல்லைப் பார்த்து, “பை தாத்தா” என்று கையாட்டினார். எனக்கு உச்சிமண்டையில் ஏறிவிட்டது.

“ஏங்க, இது சாவு வீடுங்க. சாவு வீட்ல சொல்லிக்கிட்டா கெளம்புவீங்க? போயிட்டு வாரேன்னு சொன்னா திரும்ப வரவேண்டியது வந்துரும். வாய மூடிக்கிட்டு, திரும்பிப் பாக்காம நடங்க!”

அவ்வளவுதான். பேயறைந்த மாதிரி நடந்தார்கள். துளைக்குள்ளிருந்து சிப்ஸ் கவரைத் திரும்ப எடுத்தவர்தான் முதலில் நடந்தார். அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொருவரும் இறங்கும்போது, “அந்தப் பொட்டல்தாங்க மறக்கவே முடியாது” என்றார்கள். விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அதையே சட்டமாக்கினேன். நெட்டில் எழுதினார்கள், ‘பேசாமல் போகும் பொட்டல்’ என்று. ஆயிரக்கணக்கான வருஷமாக இருந்துவரும் வழக்கம் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அதற்கு வயசு அப்போது எட்டு மாசம்.

என் வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டம் தெரியாது. பொட்டலுக்கு அவர் வந்ததே இல்லை. வேனில் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவார். அன்றைக்குக் கோயம்புத்தூர் அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று நான்தான் போன் பண்ணிக் கேனைக் கொண்டுவரச் சொன்னேன். நான்தான் வரவழைத்தேன்.

போய்ப் போய் வந்தது

வேனில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். “ஒங்க நாக்குல சனி ஒக்காந்திருக்கா? எங்கிட்டு வேணும்னாலும் சொல்லுங்க. அங்கயா போய்ச் சொல்லுவீக?”

“ஏன், அவுககிட்ட மட்டும் சொல்லக் கூடாதா? அவுகளும் நம்ம ஊருக்காரவுகதான” என்றார். வேனில் மறுபடி சிரிப்பு.

அன்னவாசலில் இலை போட்டுச் சோறு விழுந்த நேரம், கோயம்புத்தூர் அம்மா, “என் கண்ணாடி!” என்றார். துளைக்கல்லுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டாராம். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து கண்ணாடியைக் கொடுத்தார். “கல்லு மேல இருந்துச்சும்மா” என்றார். அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார், “நான் கீழ மண்ணுலதாங்க வெச்சேன். கல்லு மேல நான் கையே வெக்கலையே.”

வயசானவர், மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் எங்களுக்குச் சவாரியே இல்லை. இலுப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். நேர் ரோட்டில் பாலம் வேலை என்று சுற்றிவிட்டார்கள். சுற்றி வந்த வழியில் டயர் வெடித்தது. இறங்கிப் பார்த்தால், பொட்டல். ஜாக்கியைப் போட்டு டயரை மாற்றினார். கை கழுவினார். நேராகக் கல்லிடம் போய் இரண்டு தட்டுத் தட்டி, “வாரேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு நான் திட்டவில்லை. பட்டுப்புடவையோடு வேனுக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவராகவே போக ஆரம்பித்தார். சவாரி இல்லாத நாளில் பத்துமணி வாக்கில் மொபெட்டை எடுப்பார். “எங்கிட்டுப் போறீக?” என்றால், “இங்கிட்டுத்தான்” என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். செருப்பில் அந்தப் பொட்டலின் செம்மண் இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “அங்க என்னதான் இருக்கு?”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “ஒண்ணுமில்ல கைடம்மா. ஆரோ எதிர்பாத்துக்கிட்டு இருக்காப்ல இருக்கு. வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா நல்லாவா இருக்கும்?”

சாதாரணமாகத்தான் சொன்னார். ரசம் ஊற்று என்பதுபோலச் சொன்னார். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

அஞ்சலை சொன்னது

அந்தப் பொட்டலில் ஆடு மேய்க்கிற அஞ்சலை எனக்குப் பழக்கம். ஒரு சவாரியின்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, அண்ணன் இங்க வந்து யாருகூடப் பேசுறாரு?”

“போன்ல பேசுவாரா இருக்கும்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். காதுல வச்சுப் பேசுறமாரி தெரியல. கல்லுல சாஞ்சு ஒக்காந்துக்கிட்டு, அவரு பாட்டுக்குப் பேசுறாரு. நடுநடுவுல நிறுத்தி, ‘ஆங்... ஆங்’ங்கிறாரு. முந்தாநாளு கெக்கெக்கேன்னு சிரிச்சாரு.”

முந்தாநாள் அவருடைய போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ரெண்டுதரம் அடித்து, நான்தான் எடுத்துப் பேசினேன்.

நான் வரலாறு படித்தவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேரே சிரிப்பவள். இந்தச் சீமையில் கால் வைக்கிற இடமெல்லாம் செத்தவர்கள் படுத்திருக்கிறார்கள், அதற்கெல்லாம் பயந்தால் வீடு கட்ட முடியாது என்று மைக்கில் பேசியவள். சொன்னால் நம்புங்கள், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை கட்டியவள் நான். பொய் என்று தெரிந்து சொன்னவள் நான். நான் சொன்னது எப்படி என் வீட்டுக்கு வந்தது?

அவரைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். ரத்தம் பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே வந்து மருந்துக்கடைப் படியில் வைத்தே அவர் கையைப் பிடித்து என் தலையில் வைத்துக்கொண்டேன்.

“சத்தியம் பண்ணுங்க. இனிமே அங்க போய் வாரேன்னு சொல்ல மாட்டேன்னு.”

அவருக்குச் சிரிப்பு. “அங்க மட்டுமா, வேற எங்கயுமா?”

“எங்கயும் வேணாம்! ஒங்க வாரேனும் வேணாம், போறேனும் வேணாம். பேசாம இருங்க போதும்!”

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவர் என் தலையிலிருந்து கையை எடுக்காமல், “சரி” என்றார்.

சொல்லாத மூன்று நாள்

அவர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எங்கேயும் சொல்லவில்லை. கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் வருத்தம். டீக்கடையில் காசைக் கொடுத்துவிட்டு மௌனமாக எழுந்து வந்தாராம். “என்னம்மா, அண்ணனுக்கு எங்க மேல கோவமா?” என்று டீக்கடைக்காரர் எனக்குப் போன் பண்ணினார். பங்கில் இருந்த நாய் வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தது.

காலையில் வாசலில் நின்று, என்னைப் பார்த்து, விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டுப் போவார். எனக்குச் சிரிப்பு வரும். காட்டிக்கொள்ள மாட்டேன். பயம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இன்னும் நாலு நாள் போகட்டும், நானே ‘சொல்லித் தொலைங்க’ என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வீம்பு. வேறொன்றுமில்லை.

மூன்றாம் நாள் காலை, வேனுக்கு கிரீஸ் அடிக்கவேண்டுமென்று கிளம்பினார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது. நான் கூப்பிட்டு, ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாமல் நான் மட்டும் எதற்குச் சொல்வது என்று இருந்தேன். வேன் கிளம்பியது. கஞ்சி கையில் பட்டுச் சுட்டது, ‘ஆ’ என்றேன். அதுதான் அவர் இருக்கும்போது என் வாயிலிருந்து வந்த கடைசிச் சத்தம். அவருக்குக் கேட்டிருக்காது.

மத்தியானம் அஞ்சலை ரோட்டில் போன ஒருவரை நிறுத்தி, அந்த ஆளின் போனில் என்னைக் கூப்பிட்டாள்.

வேன் பொட்டலுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி ஒழுங்காக நின்றிருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது. அவர் சீட்டில் சாய்ந்திருந்தார். தூங்குகிற மாதிரிதான். நானும் முதலில் தோளைத் தட்டித்தான் எழுப்பினேன். மாரடைப்பு என்றார்கள். ஈசிஜியைக் காட்டினேன். “அன்னிக்கு எடுத்தது அன்னிக்கு நெலமைதாம்மா காட்டும்” என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அஞ்சலை அழுதுகொண்டே சொன்னாள். “வந்தாருக்கா. கல்லுல கைய வச்சாரு. ரொம்ப நேரம் நின்னாரு. ஒண்ணுமே சொல்லாமத் திரும்பிட்டாரு. எப்பவும் சத்தமாச் சொல்லிட்டுத்தான போவாரு? பாக்கவே ஒருமாரியா இருந்துச்சு. ரோட்டுக்குப் போனவரு ஒருதரம் திரும்பிப் பாத்தாரு. அப்பறம் வண்டில ஏறி ஒக்காந்துட்டாரு.”

எனக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

என்னிடம் யாரும் சொல்லவில்லை

மூன்று நாள் வீடு நிறைய ஜனம். சிங்கப்பூரிலிருந்து என் மகள் வந்தாள். திருவரங்குளத்திலிருந்து அவர் அக்கா குடும்பம், ஆலங்குடியிலிருந்து என் தம்பி, துபாயில் கூட இருந்தவர்கள், டீக்கடைக்காரர். வருவார்கள், கையைப் பிடிப்பார்கள், உட்காருவார்கள். அப்புறம் சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. முறை அதுதான். வாராவாரம் பொட்டலுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நான் சொல்லிக்கொடுத்த முறை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தராவது சொல்லுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. யாராவது ஒருவர் வாசலில் நின்று, “போயிட்டு வாரேன்” என்று சொன்னால் போதும், மறுபடி மூச்சு வந்துவிடும்போல் இருந்தது.

வாரேன் என்று சொன்னதால் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்களா? சொல்லாமல் திரும்பியதால் விடவில்லையா? இல்லை, நெஞ்சு வலிக்கு இது எதுவும் தெரியாதா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். வாரேன் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் வந்தார். டீக்கடைக்கு வந்தார், பீரங்கிக்கு வந்தார், கல்லுக்கு வந்தார், இருபத்தாறு வருஷம் வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் போன மூன்றாம் நாள் வரவில்லை. சொல்ல வேண்டாமென்று சொன்னவள் நான்.

மறுபடி பொட்டல்

வேனை விற்க மனசு வரவில்லை. ஒரு வருஷம் கழித்து, விராலிமலைப் பக்கத்து டிரைவர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு மறுபடி ஓட ஆரம்பித்தேன். தங்கமான மனுஷன். பேச மாட்டார். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு, ஏசியைப் போட்டுத் தூங்கிவிடுவார்.

பொட்டலை மட்டும் தவிர்த்துக்கொண்டே இருந்தேன். போன மாசம் சென்னையிலிருந்து வந்த கூட்டம் விடவில்லை. அந்தப் பேசாத பொட்டலைப் பார்க்கத்தான் வந்தோம் என்றார்கள். சரி என்றேன்.

அதே உச்சிவெயில். ஆவாரம்பூ பூத்திருந்தது. தாழியைப் பற்றிச் சொன்னேன், துளையைப் பற்றிச் சொன்னேன். கிளம்புகிற நேரம். எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

“ஒரு நிமிஷங்க. கெளம்பும்போது எல்லாரும் சத்தமா ‘போயிட்டு வாரோம்’னு சொல்லிட்டுக் கெளம்பணும்” என்றேன்.

ஒருவர் போனைக் காட்டினார். “மேடம், இதுல பேசாமப் போகணும்னு போட்டிருக்கே? பழைய வழக்கமாம்.”

“தப்புங்க. யாரோ தெரியாதவ சொன்னது. இங்க இருக்கிறவுககிட்டச் சொல்லிக்காமப் போகக் கூடாது.”

கூச்சப்பட்டுக்கொண்டே பன்னிரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். “போயிட்டு வாரோம்.” பொட்டல் முழுக்கக் கேட்டது. ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

அவர்கள் சொல்லி முடித்து ஒரு மூச்சுவிடுகிற நேரம் கழித்து, பின்னாலிருந்து ஒற்றைக் குரல் வந்தது. கட்டைக் குரல்.

“வாரேன்.”

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். கல்லும் வெயிலும்தான் இருந்தன. “யாருங்க மேடம் கடைசியாச் சொன்னது?”

“டிரைவருங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். வேன் பக்கத்தில் போனதும் நின்றுவிட்டார். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே விராலிமலைக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் அந்தப் பெண் பக்கம் திரும்பவில்லை. துளைக்கல்லின் மேல் கையை வைத்திருந்தேன். அத்தனை வெயிலிலும் அது ஜில்லென்று இருந்தது. அன்றைக்குக் காலையில் சோறு வடித்துக்கொண்டே சொல்லாமல் விட்டதை, நாலு வயல் தாண்டிக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

“பாத்துப் போயிட்டு வாங்க.”